கலப்புப் பொருளாதாரத்துக்கு ஒரு முட்டை

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பரீட்சைப் பேப்பரைப் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். செவ்வாய்க்கிழமை அந்தச் சிரிப்புக்காக வெட்கப்பட்டேன். நடுவில் நடந்ததுதான் இந்த வாரச் சமாச்சாரம். கோபத்தோடு எழுதுகிறேன் — முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

என் நாத்தனார் பிலோமினா, மல்லசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எகனாமிக்ஸ் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், ப்ளஸ் டூ தனித்தேர்வு எழுதுகிற பெண்களுக்கு வீட்டிலேயே பாடம் எடுப்பாள். பீஸ் கிடையாது. காபி உண்டு. சேலத்திலிருந்து அவளைப் பார்க்கப் போயிருந்தேன். டைனிங் டேபிள் மேல் மாதிரித் தேர்வு விடைத்தாள்கள் கட்டாகக் கிடந்தன.

"அண்ணி, இதைக் கொஞ்சம் படிங்களேன்" என்று ஒரு தாளை உருவி நீட்டினாள்.

கேள்வி இதுதான்: 'கலப்புப் பொருளாதாரம் என்றால் என்ன? அதில் அரசின் பங்கு யாது?'

பதில், நீல மையில், குண்டு குண்டான கையெழுத்தில்:

'கலப்புப் பொருளாதாரம் என்பது மரவள்ளிக் கிழங்கு மாவில் மக்காச்சோள மாவைக் கலந்து ஜவ்வரிசி செய்யும் முறை ஆகும். இதனால் கிழங்குக்கு விலை குறையும். மில்காரருக்கு லாபம் கூடும். அரசின் பங்கு: அரசு இதைப் பார்த்துக்கொண்டிருக்கும். யாராவது மனு கொடுத்தால் வந்தும் பார்க்கும்.'

ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு முட்டை. நாமக்கல் மாவட்டத்து முட்டை, நல்ல பெரிய சைஸ்.

நானும் பிலோவும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. 'வந்தும் பார்க்கும்' என்ற இடத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இதை அப்படியே பத்தியில் போட்டால் ஒரு வாரம் ஓட்டிவிடலாம் என்று கூட — உண்மையைச் சொல்லிவிடுகிறேனே — கணக்குப் போட்டேன்.

அப்போது வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். பேப்பருக்குச் சொந்தக்காரி.

பெயர் ஈஸ்வரி. முப்பத்தைந்து வயதிருக்கும். பத்தாவதோடு நின்றவள். கணவர் போர் போடுகிற ரிக் வண்டியில் வேலையாக வடக்கே எங்கோ இருக்கிறார். இங்கே இரண்டு ஏக்கர் மரவள்ளியை இவள்தான் பார்த்துக்கொள்கிறாள். எதற்காக இந்த வயதில் ப்ளஸ் டூ என்று முன்பே பிலோ கேட்டிருக்கிறாள். "மனு எழுதிக் குடுத்தா யாரும் படிக்கறதில்லீங்க டீச்சர். படிச்சவங்க எழுதுன மாதிரி எழுதோணும்" என்றாளாம்.

"ஏனுங்க டீச்சர், என்ற பேப்பரைப் பாத்துச் சிரிக்கறீங்களா?"

எங்கள் இரண்டு பேருக்கும் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிலோதான் சமாளித்தாள். "இல்ல ஈஸ்வரி... கலப்புன்னா அந்தக் கலப்பு இல்ல. தனியாரும் அரசாங்கமும் கலந்து நடத்துற பொருளாதாரம். நான்தான் பாடம் எடுத்தேனே?"

"நீங்க எடுத்த அன்னிக்கு நான் வரலீங்க. அன்னிக்கு மில்லு வாசல்ல கெழங்கு லோடோட நின்னுட்டு இருந்தேன்."

அப்புறம் அவள் சொன்னதைக் கேட்கக் கேட்க எங்கள் சிரிப்பு ஒவ்வொரு பல்லாக உள்ளே போனது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு ஏக்கரில் பாதியைப் பிடுங்கி டிராக்டரில் ஏற்றி, ராசிபுரம் போகும் ரோட்டில் இருக்கிற ஒரு ஜவ்வரிசி மில்லுக்குக் கொண்டு போயிருக்கிறாள். மில்லில் 'பாயிண்ட்' பார்ப்பார்கள். பாயிண்ட் என்றால் கிழங்கில் எவ்வளவு மாவு இருக்கிறது என்ற கணக்கு. லோடிலிருந்து கொஞ்சம் கிழங்கை எடுத்துக் கூடையில் போட்டு எடை பார்த்து, கூடையோடு தண்ணீர்த் தொட்டியில் முக்கி மறுபடி எடை பார்ப்பார்கள். தண்ணீருக்குள்ளும் எடை ரொம்பக் குறையாமல் நின்றால் மாவு அதிகம். பாயிண்ட்டை வைத்துத்தான் விலை. யார் எடை பார்ப்பது? மில். யார் தராசு? மில்லுடையது. பாயிண்ட் எவ்வளவு என்று சொல்வது? அதுவும் மில்.

"இருபத்தி மூணுன்னு சொன்னாங்க. போன வருசம் இதே காட்டுல இருபத்தி எட்டு வந்துச்சுங்க. எப்படீங்கன்னு கேட்டேன். உங்க கெழங்கு இல்லாட்டியும் மில்லு ஓடும்மான்னுட்டாங்க. அப்பத்தான் ஒரு லாரியில மூட்டை மூட்டையா வந்து எறங்குச்சு. என்னங்கன்னு லோடுமேனைக் கேட்டேன். 'மக்காச்சோள மாவு, கலப்புக்கு'ன்னாரு."

கலப்புக்கு. அந்த வார்த்தைதான். மூன்று வாரம் கழித்து மாதிரித் தேர்வில் 'கலப்பு' என்று அச்சடித்த கேள்வியைப் பார்த்ததும், ஈஸ்வரிக்கு ஒரே சந்தோஷமாம். பரவாயில்லையே, நம்ம சமாச்சாரத்தைப் பாடத்திலேயே வைத்திருக்கிறார்களே என்று.

"அரசாங்க ஆபீஸ் எதுக்காவது போன் பண்ணலையா?" என்று கேட்டேன்.

"பண்ணினேனுங்க அக்கா. வெலையெல்லாம் மார்க்கெட் தீர்மானிக்கறதும்மா, எங்க கையில இல்லைன்னாங்க. கலப்படம்னா மனு குடுங்க, வந்து பாக்கறோம்னாங்க. குடுத்தேன்."

"வந்து பார்த்தாங்களா?"

"பாத்தாங்க."

"அப்புறம்?"

"பாத்துட்டுப் போனாங்க."

இப்போது அந்தப் பதிலை மறுபடி படித்துப் பாருங்கள். 'யாராவது மனு கொடுத்தால் வந்தும் பார்க்கும்.' நாங்கள் ஜோக் என்று நினைத்துச் சிரித்தது... அவள் நேரில் பார்த்ததை எழுதியிருக்கிறாள்.

மீதி ஒரு ஏக்கர் செவ்வாய்க்கிழமை பிடுங்குகிறாளாம். அந்த லோடாவது சரியான பாயிண்ட்டுக்குப் போனால்தான் காட்டுக்குப் போட்ட செலவு திரும்பும், இல்லாவிட்டால் அடுத்த நடவுக்குக் கணவர் ரிக்கில் இன்னொரு வருடம் கிடக்க வேண்டியதுதான் என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். குரல் மட்டும் கடைசியில் கொஞ்சம் இறங்கியது.

திங்கட்கிழமை சேலம் திரும்ப வேண்டியவள் நான். திரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நானும் ஈஸ்வரியும் அதே மில் வாசலில் இருந்தோம். முன்னால் நாலைந்து டிராக்டர், பின்னால் எண்ணினால் ஏழெட்டு. வெயில் ஏற ஏற டிரைவர்கள் கிழங்கின் மேல் தார்பாயை இழுத்து இழுத்து மூடினார்கள். புளித்த மாவு வாடை. ஈஸ்வரி டிரெய்லர் பக்கத்தில் நின்று, மேலாகக் கிடந்த ஒரு கிழங்கின் மண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

எங்கள் முறை வந்தது. ஓர் ஆள் வந்து டிரெய்லரின் ஓரத்திலிருந்து கிழங்கு எடுத்தார். நடுவில் தொடையளவுக் கிழங்கெல்லாம் இருக்க, ஓரத்தில் விரல் மொத்தத்தில் கிடந்ததாகப் பார்த்துப் பொறுக்கினார். "ஏனுங்க, நடுவுல இருந்தும் எடுங்க" என்று ஈஸ்வரி சொன்னது அவர் காதில் விழவில்லை. உள்ளே கொண்டுபோனார். நாங்களும் பின்னால் போனோம். "வெளிய நில்லுங்க" என்றார்கள். கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தோம். கூடை, தொட்டி, தராசு.

"இருபத்தி ரெண்டு" என்று சத்தம் வந்தது.

ஈஸ்வரி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மேனேஜர் என்று ஒருவர் நாற்காலியில் போனோடு இருந்தார். மரியாதையாகத்தான் கேட்டேன். "சார், இந்தத் தராசுக்கு முத்திரை எங்கே?"

"எதுங்க மேடம்?"

"முத்திரை. எங்க தெருவில் தள்ளுவண்டியில் தக்காளி விக்கிற அம்மாவோட தராசுல கூட வருஷா வருஷம் அரசாங்க முத்திரை குத்தி வாங்கணும். இல்லாட்டி அபராதம். டன் கணக்குல கிழங்கு வாங்குற உங்க பாயிண்ட் தராசுல நான் ஒண்ணும் பார்க்கலையே?"

அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால் கூடத் தேவலை. "மேடம், இது ஃப்ரீ மார்க்கெட். நாங்க யாரையும் கட்டாயப்படுத்தலை. பிடிக்கலைன்னா வேற மில்லுக்குக் கொண்டு போகலாம். முழுச் சுதந்திரம் இருக்கு."

சுதந்திரம்!

வாசகர்களே, மரவள்ளிக் கிழங்கைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். மண்ணுக்குள் இருக்கிறவரை மாதக்கணக்கில் இருக்கும். பிடுங்கிவிட்டால் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். அப்புறம் உள்ளே கோடு கோடாகக் கறுத்துப்போகும். மாட்டுக்குக் கூட ஆகாது. டிராக்டர் வாடகை மணிக்கு மணி ஏறுகிறது. அடுத்த மில்லில் போய் மறுபடி வரிசையில் நின்றால் அங்கேயும் இதே கூடை, இதே தொட்டி.

ஜவ்வரிசி மூட்டைக்கு அப்படி அவசரம் கிடையாது. விலை ஏறும்வரை குடோனில் காத்திருக்கும். ஆக, ஒருத்தர் காத்திருக்கலாம், இன்னொருத்தர் காத்திருக்க முடியாது. இந்த இரண்டு பேரையும் எதிரெதிரே நிற்கவைத்துவிட்டு, 'ரெண்டு பேருக்கும் சம சுதந்திரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்வதற்கு என்ன பெயர்? புத்தகத்தில் முதலாளித்துவம் என்று இருக்கிறது. நான் வேறு பெயர் வைத்திருக்கிறேன். பத்திரிகையில் அச்சிட மாட்டார்கள்.

மேனேஜரின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "மேடம், நான் மட்டும் சுத்தமா பண்ணினா வடக்கே இருக்குற வியாபாரி வாங்க மாட்டான். பக்கத்து மில்லு கலந்து, விலை கம்மியாக் குடுப்பான். கலக்காம ஓட்டுன ரெண்டு பேர் மில்லைப் பூட்டிட்டுப் போயிட்டாங்க. எல்லாரையும் ஒரே மாதிரி பிடிக்கச் சொல்லுங்க, நாளைக்கே நான் கலக்கலை."

பாருங்கள், அவருக்கும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. விளையாட்டில் விசில் ஊத ஆள் இல்லாவிட்டால் நேர்மையாக ஆடுகிறவன்தான் முதலில் அடிபடுவான். விசில் யார் கையில் இருக்கிறது? மூன்று எழுத்து — அரசு.

அரசு எங்கேயும் தலையிடுவதில்லை என்றால் கூட எனக்கு மனசு ஆறும். என் ரேஷன் கடைக்கு வந்து பாருங்கள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து என் கட்டைவிரலில் ரேகை அழிந்துவிட்டது. மெஷினில் விழவில்லை என்றால் ஒரு கிலோ சர்க்கரைக்கு மூன்று தடவை நடக்கவிடுகிறார்கள். சர்க்கரை எனக்குத்தான் போகிறதா, என் பெயரில் வேறு யாராவது பாயசம் வைக்கிறார்களா என்று அவ்வளவு கவலை. என் கட்டைவிரலை அத்தனை உன்னிப்பாகப் பார்க்கிற அரசு, அந்தப் பாயிண்ட் தராசை ஒரே ஒரு தடவை குனிந்து பார்த்தால் என்ன? கழுத்து சுளுக்கிக்கொள்ளுமா?

பாயசம் என்றதும் ஞாபகம் வருகிறது. போன கிறிஸ்துமஸுக்கு நான் வைத்த ஜவ்வரிசிப் பாயசம் போஸ்டர் ஒட்டுகிற பசை மாதிரி ஆனது. என் கைப்பக்குவத்தைக் குறை சொன்ன என் கணவர் தயவுசெய்து இந்தப் பாராவை இரண்டு முறை படிக்கவும்.

சரி, மில்லுக்கு வருகிறேன். இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு இன்னும் ஆறாதது.

மேனேஜர் என்னை உற்றுப் பார்த்தார். "மேடம், உங்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே?" பக்கத்து டேபிளில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "சார், வாராவாரம் எழுதுறாங்களே... போட்டோ கூட வருமே."

மேனேஜர் எழுந்து நின்றார். எனக்கு ஒரு நாற்காலி வந்தது. டீ வந்தது. "மேடம், பசங்க ஏதோ அவசரத்துல பார்த்திருப்பாங்க. டேய், மறுபடி பாயிண்ட் பாரு. நடு லோடுல இருந்து எடு."

மறுபடி கூடை. மறுபடி தொட்டி. இந்தத் தடவை கதவைத் திறந்து வைத்தார்கள்.

"இருபத்தி ஏழு."

அதே காடு. அதே டிராக்டர். அதே காலை. நான் வாரம் ஒரு பக்கம் எழுதுகிறவள் என்று தெரிந்ததும், ஈஸ்வரியின் கிழங்கில் ஐந்து பாயிண்ட் மாவு ஏறிவிட்டது! விவசாயக் கல்லூரிக்காரர்கள் கவனிக்கவும். உரம் வேண்டாம், மருந்து வேண்டாம். காட்டோரம் ஒரு பத்தி எழுத்தாளரைக் கட்டிப்போட்டால் போதும்.

எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. மறைப்பானேன்? ஈஸ்வரிக்குப் பெரிய உபகாரம் பண்ணிவிட்டோம் என்ற நினைப்போடு டீயை உறிஞ்சிக்கொண்டே வெளியே வந்தேன். அவள் பாயிண்ட் எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சந்தோஷம்தான், இல்லாமல் இல்லை. கண் கலங்கியிருந்தது. ஆனால் கேட்டது இது:

"அக்கா, அடுத்த வருசமும் வருவீங்களாங்க?"

டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

அதற்குள் அடுத்த டிராக்டர்காரர், நரைத்த மீசை வைத்த ஒரு பெரியவர், துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். உள்ளே நடந்ததெல்லாம் வரிசை முழுக்கப் பரவிவிட்டிருந்தது.

"ஏஞ்சாமி... என்ற லோடுக்கும் செத்த நேரம் நின்னுட்டுப் போறீங்களா? ஒண்ணும் பேச வேண்டாஞ்சாமி. சும்மா நின்னாப் போதும்."

நின்றேன். அவருக்கு இருபத்தி ஆறு. அவருக்குப் பின்னால் இருந்தவருக்கும் நின்றேன். அதற்கும் பின்னால் இன்னும் ஆறு டிராக்டர். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிழல் இல்லை. கால் கடுத்தது. எனக்கு மதியம் சேலத்துக்குப் பஸ். நான் கிளம்பினேன்.

ஆமாம், கிளம்பினேன். ஆறு லோடை விட்டுவிட்டுக் கிளம்பினேன். பிடிக்காதவர்கள் கடிதம் எழுதலாம், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அங்கே நான் நின்றது யாருடைய இடம்? தராசுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, சம்பளம் கொடுத்து, ஓர் ஆளை உட்காரவைத்து, 'நீ எதுவும் பேச வேண்டாம், சும்மா இரு, உன்னைப் பார்த்தால் போதும்' என்று சொல்ல வேண்டியவர்கள் யார்? அதற்காகத்தானே எல்லாவற்றுக்கும் வரி கட்டுகிறோம்? அந்தப் பெரியவர் கேட்டது மானியம் இல்லை. கடன் தள்ளுபடி இல்லை. இலவசம் எதுவும் இல்லை. பக்கத்தில் ஒருத்தர் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

பொருளாதாரம் எத்தனை வகை என்று கேட்டால் மூன்று என்று குழந்தைகள் ஒப்பிக்கிறார்கள். எல்லாம் தனியார் கையில் இருந்தால் ஒன்று, எல்லாம் அரசு கையில் இருந்தால் ஒன்று, இரண்டும் கலந்தால் மூன்றாவது. நம்முடையது மூன்றாவதாம். கலந்தது சரி. எதை எங்கே கலந்தார்கள் என்பதில்தான் கோளாறு. சின்னவன் தராசுக்குப் பக்கத்தில் அரசு நிற்கிறது. பெரியவன் தராசு வந்ததும் மார்க்கெட் பார்த்துக்கொள்ளும் என்று நகர்ந்துவிடுகிறது. இந்தக் கலப்பில் எந்த மாவு எவ்வளவு என்று யார் பாயிண்ட் பார்ப்பது?

பஸ் ஏறுவதற்கு முன் சீட்டைக் காட்ட ஈஸ்வரியோடு பிலோ வீட்டுக்குப் போனேன். மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்த பிலோ எல்லாவற்றையும் கேட்டாள். அந்த விடைத்தாளைத் தேடி எடுத்தாள். சிவப்புப் பேனாவைத் திறந்தாள். கேள்வியின் முதல் பாதிக்கு முட்டை அப்படியே இருந்தது. இரண்டாம் பாதிக்கு — அரசின் பங்கு யாது — முழு மார்க் போட்டுக் கையெழுத்தும் போட்டாள்.

ஈஸ்வரி கெட்டிக்காரி. "பெரிய பரீட்சையில இப்படியே எழுதுனா மார்க் போடுவாங்களாங்க டீச்சர்?"

"போட மாட்டாங்க" என்றாள் பிலோ. "அங்கே புத்தகத்தில் இருக்கிறதை எழுதிடு. சொல்றேன், குறிச்சுக்கோ."

ஈஸ்வரி நோட்டைப் பிரித்தாள். சுண்டுவிரலில் இன்னும் கிழங்கு மண் இருந்தது. பிலோ சொல்லச் சொல்ல எழுதினாள்: 'கலப்புப் பொருளாதாரத்தில் அரசு, நலிந்தோரின் நலனைக் கருத்தில் கொண்டு, சந்தையைக் கண்காணித்து நெறிப்படுத்தும்.'

எழுதியதை ஒரு தரம் வாய்விட்டுப் படித்தாள். அப்புறம் மனசுக்குள் ஒரு தரம். நிமிர்ந்து, கிண்டல் துளிக்கூட இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்கிற ஆசையில் கேட்டாள்:

"இது எந்த ஊர்லீங்க டீச்சர்?"

பிலோவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சீக்கிரம் எழுதுங்கள் — ஈஸ்வரிக்குப் பரீட்சை நெருங்குகிறது.